ரேணுகாம்பாள் நிறுத்தாத மாத்திரை

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி ரேணுகாம்பாள் ஒரு இட்லிக் கடை வைத்திருக்கிறாள். சாம்பார் சுமார்தான், அதில் பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது? பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிற ஜனத்துக்கு ருசி பார்க்க ஏது நேரம், சூடாக இருந்தால் சரி. ஆனால் மற்ற நாட்களில் விடிந்ததும் விடியாததுமாக அந்தக் கடைக்கு வந்து நிற்கிற ஆட்கள் வேறு. பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு இட்லியைப் பிட்டுப் போட்டுக்கொள்வார்கள். ரேணுகாம்பாள் பிஸ்கட் டப்பாவைத் திறந்து மாத்திரையை எடுத்துக் கொடுப்பாள். ஒரு சொம்புத் தண்ணீர் கொடுப்பாள். முழுங்குவார்கள். அதோடு விட்டுவிடுவாளா? "வாயத் தொற" என்பாள். திறப்பார்கள். "நாக்கத் தூக்கு." தூக்குவார்கள். அடியில் மாத்திரை ஒளிந்திருக்கவில்லை என்று குனிந்து பார்த்த பிறகுதான் "சரி, கெளம்பு" என்பாள்.

காசநோய்க்காரர்கள் அவர்கள். மாத்திரையை அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிறது. ஆனால் மாசக்கணக்கில் ஒரு நாளும் விடாமல் முழுங்க வைக்க அரசாங்கத்தால் முடியுமா? அதற்கு ஊருக்குள் ஒரு ஆள் வேண்டும். சுகாதார நிலையத்து நர்ஸம்மா வந்து கேட்டபோது, பணமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ரேணுகாம்பாள் ஒத்துக்கொண்டாள். அன்றிலிருந்து இன்றுவரை அவள் கையால் முழுங்கிப் பிழைத்தவர்கள் அந்தப் பக்கத்துக் கிராமங்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். கல்யாணப் பத்திரிகை வைக்கிறவர்கள் முதல் பத்திரிகையை அவளுக்குத்தான் வைப்பார்கள்.

அவள் புருஷன் இருசப்பனுக்கு இதில் ஒரு கிண்டல் உண்டு. "ஊர்ல எவனுக்கு எந்தப் பல்லு சொத்தைன்னு இவளக் கேளுங்க, கரெக்டா சொல்லுவா" என்பார். கொஞ்சம் நிலம், வேர்க்கடலை போடுவார். பௌர்ணமியன்று வண்டி நிறுத்துகிற இடத்தைப் பார்த்துக்கொள்வார். பெண்டாட்டி பேச்சுக்கு மறுபேச்சு பேசாத மனுஷன். அது பயமில்லை. அவள் சொல்வது சரியாகத்தான் இருக்கும் என்று அத்தனை வருஷத்தில் அவருக்குப் பழகிப் போயிருந்தது.

அவள் ஏன் இப்படி ஆனாள் என்பதற்கு ஒரு காரணம் இருந்தது. காரணத்தின் பேர் கலையரசன், அவள் கூடப் பிறந்த தம்பி. லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவன். காசநோய் வந்து இரண்டு மாசம் மாத்திரை சாப்பிட்டதும் உடம்பு தேறிவிட்டது. "அக்கா, இங்க பாரு, மூட்டையே தூக்குறேன், எனக்கு இன்னாத்துக்கு இனிமே மாத்திரை?" என்றான். அவளுக்கும் நல்லாத்தானே இருக்கிறான் என்று பட்டது. அவன் நிறுத்திவிட்டான். நோய் திரும்பி வந்தபோது பழைய மாத்திரைக்கு மசியவில்லை. எலும்பும் தோலுமாகப் படுத்து, அக்கா கையைப் பிடித்தபடியே போய்ச் சேர்ந்தான். அழுது முடித்த பிறகு ரேணுகாம்பாளிடம் மிஞ்சியது ஒரே ஒரு வார்த்தை. நிறுத்தாதே.

அந்த வார்த்தையை அவள் ஊருக்கே சொன்னாள். போன வருஷம் ஐப்பசி வாக்கில் பெயிண்டர் கோபி வந்து சேர்ந்தான். லாட்ஜ்களுக்குச் சுண்ணாம்பும் பெயிண்டும் அடிக்கிற பிள்ளை குட்டிக்காரன். "வயித்தப் பெரட்டுதுக்கா, ரெண்டு நாள் விட்டுட்டுப் போட்டுக்கட்டுமா?" என்று இழுத்தான். "பெரட்டுனா பெரட்டட்டும், தாங்கிக்க. செத்துப் போனா பெரட்டாது" என்றாள். கோபி வாயை மூடிக்கொண்டு, பிறகு நாக்கைத் தூக்குவதற்காகத் திறந்தான்.

தீபத்தன்று தூறல். இருசப்பன் வண்டி நிறுத்துமிடத்தில் நனைந்துகொண்டே நின்றார். மலைமேல் தீபம் ஏறியதும் எல்லாரும் கும்பிட்டார்கள், அவரும் கும்பிட்டார். வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டிக்கொண்டு படுத்தார். இரண்டு மூன்று நாளில் ஜுரம் வந்து நெருப்பாய்க் கொதித்தது. மூச்சை இழுத்தால் விலாவில் குத்தியது, சளி துரு நிறத்தில் வந்தது. வேங்கிக்காலில் ரூம் எடுத்துத் தங்கி ஒரு ஆபீஸில் வேலை பார்க்கிற மகள் மதிவதனி லீவு போட்டுவிட்டு ஓடி வந்து, டவுனில் ஒரு ஆஸ்பத்திரியில் அப்பாவைச் சேர்த்தாள்.

அங்கே டாக்டர் கீதாஞ்சலி. சின்ன வயசு, நிதானமான பேச்சு. எக்ஸ்ரே படம் எடுத்தார், ரத்தம் எடுத்தார். பிறகு ரேணுகாம்பாளை உட்கார வைத்து விளக்கமாகச் சொன்னார். "நிமோனியாம்மா. ரத்தத்துல புரோகால்சிட்டோனின்னு ஒண்ணு பாத்தோம். நுரையீரல்ல பாக்டீரியா பூந்து ஆட்டம் போட்டா அது ரத்தத்துல நல்லா ஏறும். வெறும் வைரஸ் சளின்னா பெரும்பாலும் அவ்வளவா ஏறாது. அத மட்டும் வச்சு நாங்க முடிவு பண்றதில்ல, ஆளையும் படத்தையும் சேத்துத்தான் பாப்போம். இவருக்கு எல்லாமே ஒரே பக்கம்தான் காட்டுது. ஆன்டிபயாடிக் கண்டிப்பா வேணும்."

ரேணுகாம்பாளுக்கு அந்த டெஸ்டைப் பிடித்துப் போயிற்று. மருந்து கொடு என்று சொல்கிற டெஸ்டு யாருக்குத்தான் பிடிக்காது? முதலில் ஊசி போட்டார்கள், பிறகு மாத்திரைக்கு மாற்றினார்கள். நர்ஸ் மாத்திரை கொடுக்கிறபோதெல்லாம் ரேணுகாம்பாள் கட்டில் பக்கத்தில் நின்று புருஷன் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். நர்ஸுகள் சிரித்தார்கள். இருசப்பனும் சிரித்தார், சிரிக்கிற அளவுக்குத் தெம்பு வந்திருந்தது. இட்லி கேட்டார், மூச்சு சீரானது, விலாக்குத்தல் போயிற்று.

ஐந்தாம் நாள் டாக்டர் மறுபடி ரத்தம் பார்த்துவிட்டு வந்தார். "மடமடன்னு எறங்கிடுச்சும்மா. ஜுரம் இல்ல, நெஞ்சும் தெளிஞ்சு வருது. ஆன்டிபயாடிக்க இன்னையோட நிறுத்திடலாம். வீட்டுக்குப் போலாம்."

ரேணுகாம்பாளுக்குக் காதில் விழுந்தது சரிதானா என்று சந்தேகம். "நிறுத்திடலாமா? இன்னாங்க டாக்டரம்மா, இப்பத்தானே நல்லா ஆவுறாரு?"

"நல்லா ஆயிட்டாருன்னுதான் நிறுத்தறோம்."

"நல்லாயிட்டாலும் நிறுத்தக் கூடாதுன்னுதான் நாங்க எல்லாருக்கும் சொல்றோம். எங்க நர்ஸம்மாவக் கேளுங்க."

டாக்டருக்குப் புரிந்தது. அவசரப்படாமல் பதில் சொன்னார். "நீங்க சொல்றது டிபிக்கு. அந்தக் கிருமி மெதுவா வளரும், மாசக்கணக்குல பதுங்கிக் கெடக்கும். அதனால பாதியில விடவே கூடாது. இது அந்த மாதிரி இல்லம்மா. வேகமா வரும், மருந்து பட்டா வேகமா அடங்கும். அடங்கிடுச்சுன்னு ரத்தமே சொல்லுது. அதுக்கு மேல குடுத்தா நன்மை இல்ல, கெடுதல்தான் ஜாஸ்தி."

ரேணுகாம்பாள் தலையாட்டினாள். டாக்டர் படித்தவர், நல்லவர், புருஷனைப் பிழைக்க வைத்தவர். அதெல்லாம் அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் கலையரசன் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பு கண் முன்னால் வந்து நின்றது. அவனும் நல்லாத்தானே இருந்தான்? ரத்தம் என்ன வாய் திறந்தா சொல்லும்?

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள். "பிரெட் வாங்கினு வரேன்" என்று மகளிடம் சொல்லிவிட்டு இறங்கினாள். போனது பிரெட் கடைக்கு இல்லை, வேணுவின் மருந்துக் கடைக்கு. வேணு அவள் ஊர்க்காரன். ஆஸ்பத்திரியில் தீர்ந்துபோன மாத்திரையின் காலி அட்டையை அவள் முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். அதை எடுத்து நீட்டினாள். டாக்டர் சீட்டு எங்கே என்று அவன் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. "நீங்களே பாதி டாக்டரு, உங்களுக்கு நான் சொல்லணுமாக்கா?" என்று சொல்லிக்கொண்டே அட்டைகளை எடுத்துப் பையில் போட்டான். அப்படி ஒரு மரியாதை! அந்த மரியாதை இல்லாமல் இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

மகள் வேங்கிக்காலுக்குத் திரும்பிப் போனாள். மறுநாள் காலை, கோபிக்குக் கொடுத்த கையோடு இருசப்பனுக்கும் ஒரு மாத்திரையை நீட்டினாள் ரேணுகாம்பாள்.

"டாக்டரம்மா போதும்னாங்களே?" என்றார் அவர்.

"கொஞ்ச நாளைக்கு. கெட்டியா ஆயிடணும் இல்ல?"

அவர் முழுங்கினார். வாயைத் திறந்தார். நாக்கைத் தூக்கினார். அவள் குனிந்து பார்த்து, "சரிங்க" என்றாள். அவளுக்கு மனசு நிம்மதியாக இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும், அன்றைக்கு அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

சில நாள் கழித்து இருசப்பனுக்கு வயிறு உப்பிசமாக இருந்தது. பிறகு பேதி ஆரம்பித்தது. முதலில் ஏதோ சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தார்கள். கஞ்சி வைத்துக் கொடுத்தாள், மோர் கொடுத்தாள். பேதி நிற்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் சுருண்டு படுத்தார். "ஏம்மா, இந்த மாத்திரதான் ஒத்துக்கல போல. ரெண்டு நாள் விட்டுப் பாக்கலாமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

இந்தக் கேள்வியை அவள் எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டிருக்கிறாள்! கேட்டவர்களுக்கெல்லாம் சொன்ன பதில் அவள் நாக்கிலேயே இருந்தது. "தாங்கிக்கோங்க. மாத்திரன்னா அப்படித்தான் இருக்கும். கலையரசனும் இதத்தான் சொன்னான்." செத்த மச்சான் பேரைக் கேட்டதும் இருசப்பன் கையை நீட்டினார். மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டார். வாயைத் திறந்து காட்டினார். நாக்கு வறண்டு வெள்ளை படிந்திருந்தது. அவள் நாக்குக்கு அடியில் பார்த்தாளே தவிர, நாக்கைப் பார்க்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் மதிவதனி வீட்டுக்கு வந்தாள். அப்பாவைப் பார்த்ததும் கையிலிருந்த பையை அப்படியே போட்டாள். கண் குழிக்குள் போயிருந்தது, கூப்பிட்டால் முனகல்தான். ஒன்றுக்குப் போயே ஒரு நாளாகிறது என்று ரேணுகாம்பாள் அப்போதுதான் யோசித்துச் சொன்னாள். "இன்னாம்மா பண்ணி வச்சிருக்க? எனக்கு ஒரு போன் பண்ணக் கூடாதா?" என்று மகள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள். எல்லாரும் சேர்ந்து ஆட்டோவில் தூக்கிப் போட்டார்கள்.

டாக்டர் கீதாஞ்சலி ஊசி மருந்தும் குளுக்கோஸும் ஏற்றச் சொல்லிவிட்டு வெளியே வந்தார். "வீட்டுல என்ன மாத்திர குடுத்தீங்க?"

மதிவதனி, "ஒண்ணும் குடுக்கல டாக்டர், நீங்க நிறுத்தச் சொன்னீங்களே" என்று சொல்ல வாயெடுத்தாள். ரேணுகாம்பாள் அவளை முந்திக்கொண்டு முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். வேணு கொடுத்த அட்டை. பாதிக்கு மேல் காலி. டாக்டரிடம் நீட்டினாள். மகள் அந்த அட்டையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், திரும்பி அப்பாவிடம் உள்ளே போய்விட்டாள். கத்தியிருந்தால் தேவலை.

டாக்டர் திட்டவில்லை. களைத்த குரலில் சொன்னார். "நம்ம குடல்ல நல்ல கிருமிங்களும் இருக்குதும்மா. இந்த மாத்திர எது நல்லது எது கெட்டதுன்னு பாக்காது. நல்லதெல்லாம் போயிட்டா, அந்த எடத்துல ஒரு மோசமான கிருமி வந்து உக்காந்துக்கும். இவருக்கு அதுதான் ஆயிருக்குது. தண்ணியெல்லாம் போயி கிட்னி அடி வாங்கியிருக்குது."

"நெஞ்சு எப்படிங்க இருக்குது?"

"நெஞ்சு சுத்தமா இருக்குதும்மா. போன தடவ வீட்டுக்குப் போறப்பவே சுத்தம்தான்."

அந்த ஒரு வாக்கியம் ரேணுகாம்பாளைக் கீழே உட்கார வைத்துவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில், போகிற வருகிறவர்கள் காலடியில், தரையிலேயே உட்கார்ந்தாள். நோய் அவரைச் சாய்க்கவில்லை. பிழைத்து எழுந்து இட்லி கேட்ட மனுஷனைத் தன் கையால் படுக்க வைத்திருக்கிறாள். அதுவும் எப்படி? வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லி, ஒன்றுகூடத் தப்பாமல். "அய்யோ என் சாமி" என்று அவள் அழுத அழுகையைக் கேட்டு அங்கே இருந்தவர்கள் யாரோ செத்துவிட்டதாகவே நினைத்தார்கள்.

இருசப்பன் சாகவில்லை. ஆனால் சாவு வாசல்வரை வந்து பார்த்துவிட்டுத்தான் போனது. பொங்கல் ஆஸ்பத்திரியிலேயே கழிந்தது. கிட்னி பாதி தேறியது, மீதி தேறாது என்றார்கள். உப்பு கம்மி, ஊறுகாய் கூடாது, மாசாமாசம் ரத்தப் பரிசோதனைக்கு வர வேண்டும். வீட்டுக்கு வந்தவரின் சட்டை தோளில் நிற்கவில்லை. வண்டி நிறுத்துமிடத்தை வேறு ஆளிடம் விட்டுவிட்டார். அதைப் பற்றி ஒரு குறையும் அவர் சொல்லவில்லை. "நீ வேணும்னேவா செஞ்ச?" என்று ஒரு தரம் கேட்டார், அவ்வளவுதான். அந்தக் கேள்வி அவளுக்கு அடி விழுந்ததைவிட வலித்தது.

கடையைத் திறந்தாள். கோபி வந்து உட்கார்ந்து இட்லியைத் தின்றான். அத்தனை நாளும் அவன் சுகாதார நிலையத்துக்கே போய் மாத்திரை போட்டுக்கொண்டு வந்திருந்தான். ரேணுகாம்பாளின் கை பிஸ்கட் டப்பாமேல் போய் நின்றது, திறக்க வரவில்லை. ஊருக்கெல்லாம் முழுங்கு முழுங்கு என்று சொன்ன வாய் வறண்டு கிடந்தது. இவனுக்கும் ஏதாவது ஆகிவிட்டால்? இவன் பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது? கோபியை நாளைக்கு வா என்று அனுப்பப் போனவள், யோசித்து, டாக்டர் கீதாஞ்சலிக்குப் போன் போட்டாள்.

"டாக்டரம்மா, இத்தினி வருஷமா நான் செஞ்சது எல்லாமே தப்புதானா?"

"இல்லம்மா. உங்களால எத்தன பேரு உசுரோட இருக்காங்க. டிபி மாத்திரய டாக்டர் சொல்ற கடைசி நாள் வரைக்கும் குடுங்க, விட்டுடாதீங்க. ஒண்ணே ஒண்ணு, வயிறு சரியில்லன்னு யாராவது சொன்னா தாங்கிக்கன்னு சொல்லாதீங்க. நர்ஸ்கிட்ட அனுப்புங்க."

போனை வைத்துவிட்டு கோபி பக்கம் திரும்பினாள். "வயிறு எப்படிடா இருக்குது?" அவளிடமிருந்து இந்தக் கேள்வியை அவன் இதுவரை கேட்டதே இல்லை. முழித்தான். "நல்லாத்தான்கா இருக்குது." மாத்திரையைக் கொடுத்தாள். நாக்கைத் தூக்கச் சொன்னாள். அவன் போன பிறகு அடுப்படியில் நின்று கொஞ்சம் அழுதாள்.

மாசி மாசம் இருசப்பனுக்கு மறுபடி இருமல் வந்தது. மூக்கொழுகல், உடம்பு வலி, இளஞ்சூடு. ரேணுகாம்பாள் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் ஆட்டோ பிடித்தாள். டாக்டர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்தார், படம் எடுத்தார், அதே ரத்தப் பரிசோதனை செய்தார். ரிசல்ட் வரும்வரை ரேணுகாம்பாள் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏறியிருக்க வேண்டும் என்று வேண்டுவதா, ஏறக் கூடாது என்று வேண்டுவதா? ஏறியிருந்தால் கொடுக்க மருந்து உண்டு. ஏறவில்லை என்றால் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். இரண்டுமே அவளுக்குப் பயமாக இருந்தது.

"ஏறலம்மா" என்றார் டாக்டர். "நெஞ்சும் சுத்தம். வைரஸ் சளிதான். ஆன்டிபயாடிக் வேணாம். வெந்நீர், ஓய்வு, அவ்வளவுதான். மூச்சு வாங்கினாலோ, ஜுரம் ஜாஸ்தியானாலோ யோசிக்காம உடனே கூட்டினு வந்துடுங்க."

இந்தத் தரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்தபோது அவள் ஆட்டோவை நிறுத்தச் சொல்லவில்லை. வேணுவின் கடை வந்தது, போனது. அவள் இருசப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் காலை கோபி மாத்திரை போட்டு, நாக்கைக் காட்டிவிட்டுப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் துண்டைப் போர்த்திக்கொண்டு இருசப்பன். இரண்டு இட்லியை மென்று முடித்தார். ஒரு தரம் இருமினார். பிறகு சொம்பை எடுத்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, பெண்டாட்டி பக்கம் முகத்தைத் தூக்கி, கண்ணை மூடி, வாயை அகலத் திறந்து நாக்கைத் தூக்கினார்.

யாரும் அவருக்கு எதுவும் கொடுத்திருக்கவில்லை. கோபி பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

ரேணுகாம்பாள் எப்போதும் போலக் குனிந்து பார்த்தாள். விழுந்துபோன பற்கள், சுருங்கிய ஈறு. அவள் கையில் ஒன்றுமே இல்லை.

"ஒண்ணும் இல்லீங்க" என்றாள். "வாய மூடுங்க."

அவர் கண்ணைத் திறந்தார். "அப்ப இன்னிக்கு இன்னா மருந்து?"

"மருந்து கெடயாது. நான் இருக்கேன், சும்மா உக்காருங்க."

வெந்நீரை ஆற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, பெஞ்சில் அவரோடு ஒட்டி உட்கார்ந்தாள். அவர் மறுபடி இருமினார், கொஞ்சம் நீளமாகவே இருமினார். ரேணுகாம்பாள் முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டாள். எழுந்து மாத்திரை தேடிப் போகவில்லை.